மடவை ஏறிய மடை

என் கால்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மரக்காணம் உப்பளங்களில் பாத்தி மிதிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. உப்புக் காலம் தொடங்கும் முன்னால் ஒவ்வொரு பாத்தியின் தரையையும் வெறுங்காலால் மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். வரிசையாக நின்று, குதிகால் பதிந்த இடத்தை ஒட்டி அடுத்த அடியை வைத்து, நாள்கணக்கில் மிதிப்போம். கறுப்புச் சேறு ஒரு பிடி தங்கினாலும் உப்பு அழுக்காகிவிடும், அப்புறம் அளத்துக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது. நான் மிதித்த பாத்தியில் குனிந்தால் முகம் தெரியும். கல்யாணமாகி வந்த வருஷம் மிதிக்க ஆரம்பித்தேன், இன்று என் மகள் பத்தாவது படிக்கிறாள். உள்ளங்கால் முழுக்க வெடிப்பு, செருப்புப் போட்டாலும் வலி, போடாவிட்டாலும் வலி.

இந்தக் கால்தான் எங்கள் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தது. கடைசியில் காப்பாற்றிக் கொடுத்ததும் இதே கால்தான்.

உப்பு வேலை மழை வரும்வரைக்கும்தான். ஐப்பசியில் வானம் இருண்டால் பாத்தியெல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். மழை பிடித்த சில நாளில் மேஸ்திரி ஒருவர் பைக்கில் வந்து எங்கள் தெரு முனையில் நிற்பார். புதுச்சேரியில் எங்கேயாவது கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும். "எத்தனை பேர் வர்றீங்க?" என்று கேட்பார். நானும் என் வீட்டுக்காரரும் நாத்தனாரும் துணி மூட்டையோடு பஸ் ஏறுவோம். பாதி எழும்பிய கட்டடத்திலேயே படுத்து, செங்கல் சுமந்து, தை பிறந்த பிறகு திரும்புவோம். என் மகளை மூன்று மாதம் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அவள் எழுதிய ஒரு அரைப் பரீட்சைக்கும் நான் வீட்டில் இருந்ததில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வரும்.

எங்கள் அளத்துக்காரருக்கு உப்பளத்தை ஒட்டி, பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில், ஒரு இறால் குட்டை இருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் அதைக் குத்தகைக்கு எடுத்து இறால் மட்டும் விட்டார். இரண்டு தடவை நன்றாக எடுத்தார், மூன்றாம் தடவை நோய் வந்து மொத்தமும் மிதந்தது. அவர் போன பிறகு குட்டை சும்மா கிடந்தது. அந்தச் சமயம் எங்கள் பெண்கள் குழுவுக்கு மீன் வளர்ப்புப் பயிற்சி கொடுக்க ஒரு மேடம் வந்தார். என் நாத்தனார் வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். இறாலோடு மடவை மீனையும் சேர்த்து வளர்க்கலாம் என்றார். மடவை எங்களுக்குத் தெரியாத மீனா? கழிமுகத்தில் துள்ளிக்கொண்டு திரியும், குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். இறால் தின்றது போக மிச்சமாகும் தீனி அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும், மடவை அதை மேய்ந்துவிடும் என்றார் மேடம். அதற்குத் தனித் தீனி வேண்டாம். இறாலைக் குறைவாக விட்டால் தண்ணீரைச் சுழற்றிக் காற்று ஏற்றும் கரண்டு மெஷினும் வேண்டாம். அவர் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குள் போய் உட்கார்ந்தது. இறாலுக்கு மழைத் தண்ணீர் ஆகாது, மடவைக்கு உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் இரண்டும் ஒன்றுதான், மழைக்காலம் முழுக்கக் குட்டையில் நிற்கும் என்றார்.

மழைக்காலத்தில் நிற்கும் மீன் இருந்தால் நானும் என் வீட்டில் நிற்கலாம். எனக்கு வேறு கணக்கு எதுவும் தெரியவில்லை.

அளத்துக்காரரிடம் போய்க் கேட்டோம். விளைச்சலில் பாதிக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த வெளியூர்க்காரருக்குத் தெரிந்த இன்னொருவர் குட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இறால் வியாபாரி வந்து நல்லபடியா எடுத்துக்கினு போனா குட்டை உங்களுக்கு. இல்லன்னா ஆனி மாசத்தோட அவருக்கு விட்டுடுவேன், அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார். நான் சரி என்றேன். என் வீட்டுக்காரர் வழியெல்லாம் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வீட்டுக்கு வந்ததும், "இறால் மட்டும் உடலாம்மா, ஒரே தபாவுல எடுத்துடலாம். மீனு எதுக்கு நடுவுல?" என்றார். "ஒரே தபாவுல போகவும் போவும். மழைக்கு யாரு நிப்பா, இறாலா?" என்று கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குட்டையைத் தயார் செய்ய வேண்டும் என்றார்கள். தயார் செய்வது எங்களுக்குத் தெரியாதா என்ன? தண்ணீரை வடித்துவிட்டு, நானும் நாத்தனாரும் கூட வேலை செய்யும் பெண்கள் ஆறு பேரும் இறங்கினோம். கறுப்புச் சேற்றை வழித்து வழித்துக் கரையில் போட்டோம். பிறகு வரிசை கட்டி மிதித்தோம். ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் சாயந்திரம் குட்டையின் தரை பளபளவென்று கிடந்ததைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மேடம் வந்து பார்த்துப் பாராட்டுவார் என்று கரையில் நின்றேன்.

மேடம் வந்தார், பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இதுல உப்பு எடுக்கப் போறீங்களா, இறால் எடுக்கப் போறீங்களா?"

எனக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. "இன்னா மேடம் குறை இதுல? ஒரு இடத்துல சேறு காட்டுங்க பார்க்கலாம்" என்றேன்.

"அதாங்க்கா குறை. சேறே இல்ல. மடவை இன்னாத்த மேயும்? தரையில பாசி புடிச்சாதான அதுக்குச் சாப்பாடு? இறால் குஞ்சும் அதத்தான் கொத்தித் தின்னும். நீங்க சோத்துப் பானையக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கீங்க."

நாத்தனார் என் முகத்தைப் பார்க்காமல் கால்வாயைப் பார்த்தாள். ஒன்பது நாள் மிதித்த எட்டுப் பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. உப்பளத்துக்காரிகள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. விவசாயம் செய்கிறவர்கள் யாரும் ஒரு நிலத்தை இப்படிச் சுத்தம் செய்து சாகடிக்க மாட்டார்கள்.

வழித்துப் போட்ட சேற்றில் பாதியைத் திரும்ப உள்ளே இழுத்தோம். பெருமுக்கல் பக்கத்து மாட்டுக்காரர்களிடம் சாணி வாங்கி, வண்டி வைத்துக் கொண்டுவந்து பரப்பினோம். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் விட்டு வெயிலில் போட்டோம். நான் மிதித்துக் கண்ணாடியாக்கிய தரையில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு பாசி ஆடை படர்ந்தது. பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் ஏறியது.

மடவைக் குஞ்சுகளை நாங்களே பிடித்தோம். தை கடைசியில் கழிமுகத்தின் ஓரத்தில் அவை கூட்டம் கூட்டமாக வரும். பழைய நைலான் புடவையை நானும் நாத்தனாரும் இரண்டு தலைப்பில் பிடித்து இழுப்போம், என் வீட்டுக்காரர் குடத்தில் அள்ளிக்கொண்டு ஓடுவார். இறால் குஞ்சு விலைக்கு வாங்கியது. விடுவதற்கு முன்னால் மேடம் கருவியை வைத்துத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்த்தார். நான் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "கடல் தண்ணிக்கு முக்காவாசி" என்றேன். அவர் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு தடவை கருவியைப் பார்த்தார். அன்றைக்கு எனக்குப் பாதிக் கோபம் தீர்ந்தது.

மீதிப் பாதி பங்குனியில் தீர்ந்தது. காலையில் தண்ணீர் தெளிந்திருக்கும் நேரம் கரையில் உட்கார்ந்து பார்ப்பேன். விரல் நீளம் வளர்ந்த மடவைகள் தலையைச் சாய்த்து, அந்த அழுக்கு ஆடையை ஆடு மாதிரி வரிசையாக மேய்ந்துகொண்டு போகும். மேய்ந்த தடம் தரையில் கோடு கோடாகத் தெரியும். கால்வாயிலிருந்து புதுத் தண்ணீர் திறந்துவிட்டால் மேய்ச்சலை விட்டுவிட்டு எல்லாம் மடையண்டை வந்து, வரும் தண்ணீருக்கு எதிராக முட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றிரண்டு துள்ளிக் கரையிலேயே விழுந்துவிடும். "போ, உள்ள போ, எங்க ஓடப் பாக்குற?" என்று திட்டிக்கொண்டே எடுத்து உள்ளே போடுவேன். இறால் அந்தப் பக்கமே வராது.

சித்திரையில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் இறால் சாக ஆரம்பித்தது. காக்கை கூட்டம் கூட்டமாக வந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். மூன்று வாரம் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. மேடம் சொன்னபடி வெளித் தண்ணீரை உள்ளே விடவே இல்லை. காக்கை எதையும் கொண்டுவந்து போடக்கூடாது என்று கரையைச் சுற்றிக் கயிறு கட்டிப் பகலெல்லாம் ஆள் மாற்றி ஆள் நின்றோம். எங்கள் குட்டையிலும் கொஞ்சம் செத்தது. ஆனால் தண்ணீர் நாறவில்லை, மீதி நின்றது. மடவை மேய்ந்து சுத்தமாக வைத்ததாலா, இறால் நெருக்கமில்லாமல் இருந்ததாலா, எங்கள் நல்ல நேரமா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேச மாட்டேன்.

ஆனியில் வியாபாரி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். மாதிரிக்கு வீச்சுவலை போட்டுக் காட்டச் சொன்னார். என் வீட்டுக்காரர் வீசினார். வலை மேலே வந்ததும் உள்ளே ஒரே ரகளை. மடவைகள் துள்ளி இறால்மேல் விழுகின்றன, இறாலின் தலை உடைகிறது, இறாலின் கொம்பு குத்தி மடவையின் வயிற்றில் ரத்தம். வியாபாரி ஒரு இறாலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நல்ல வளர்த்தி, ஆனால் தலை தொங்கியது.

"கலப்புக் குட்டை எனக்கு வேணாம்மா. தலை ஒடைஞ்ச இறால ஐஸ்ல வெச்சா சாயந்திரத்துக்குள்ள கறுத்துடும். யாரு வாங்குவா?"

"மீனு கலக்காம குடுத்தா எடுத்துக்குவீங்களா, அண்ணே?"

"எப்டிக் குடுப்ப? தண்ணிக்குள்ள போய்ப் பிரிச்சி உக்கார வெப்பியா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் வண்டி வருது. பார்க்கறேன். மீனு இருந்தா வண்டி நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடவே வந்திருந்த அளத்துக்காரர் செருப்பில் ஒட்டிய சேற்றைக் கரையில் தேய்த்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் வலையை மடித்தபடி, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வண்டி நிற்காவிட்டால் குட்டை போய்விடும். குட்டை போனால் ஐப்பசியில் மேஸ்திரி, பஸ், செங்கல்.

அன்று சாயந்திரம் உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் தோன்றியது. ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் விட வரப்பில் ஒரு முழ அகலத்துக்கு மடை வெட்டுவோம். தண்ணீர் போதுமென்றால் காலாலேயே சேற்றைத் தள்ளி அடைப்போம். அப்படி ஒரு மடையில் காலை வைத்துக்கொண்டு நின்றேன். குதிகாலில் தண்ணீர் மோதியது. புதுத் தண்ணீருக்கு முட்டிக்கொண்டு நிற்கும் மடவைகள் ஞாபகத்துக்கு வந்தன. நான் எத்தனை நாள் அவற்றைத் திட்டியிருக்கிறேன்! ஏறி வர வேண்டும் என்று ஆசைப்படுகிற மீனை எதற்குத் தடுக்க வேண்டும்?

குட்டைக்கும் கால்வாய்க்கும் நடுவில் கைவிட்ட பழைய பாத்தி ஒன்று கிடந்தது. கால்வாய்த் தண்ணீரை நேராகக் குட்டைக்குள் விடாமல் அந்தப் பாத்தி வழியாக விட்டால், மடவை எதிரேறிப் பாத்திக்கு வந்துவிடும். இறால் வராது. மடையை அடைத்துவிட்டால் மீன் மேலே, இறால் கீழே. நாத்தனாரிடம் சொன்னேன். "அண்ணி, மறுபடியும் மிதிக்கணுமா?" என்றாள். மிதிக்கத்தான் வேண்டும். பாத்தியில் சேறு இருந்தால் மீன் அதில் புதைந்து மூச்சு முட்டிச் சாகும், தண்ணீரும் வரப்பில் கசிந்து போகும். அதே எட்டுப் பேரும் மூன்று நாள் மிதித்தோம். இந்தத் தடவை யாரும் சிரிக்க முடியாது என்று சொல்லிச் சொல்லி மிதித்தோம்.

சனிக்கிழமை சாயந்திரம் குட்டைத் தண்ணீரை முழங்கால் அளவுக்கு இறக்கிவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம் கடல் தண்ணீர் கால்வாயில் ஏறிக்கொண்டிருந்தது. வியாபாரி வண்டியோடு வந்து நின்றார், அளத்துக்காரரும் வந்தார். கால்வாய்ப் பக்கம் மீன் தப்பாமல் வலை கட்டித் திறந்தோம். பாத்தி நிறைந்தது. பிறகு பாத்திக்கும் குட்டைக்கும் நடுவில் மடையை வெட்டினேன். தண்ணீர் குட்டைக்குள் போயிற்று.

ஒரு மீனும் வரவில்லை.

ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். வியாபாரி போனைப் பார்த்தார். கடல் ஏற்றம் நின்றுவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. என் வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மடை சின்னதா இருக்குது, அகலமா வெட்டறேன்" என்றார். நான் மடைக்குள் இறங்கினேன். காலில் தண்ணீர் மோதவே இல்லை, சோம்பேறித்தனமாகத் தடவிக்கொண்டு போயிற்று. நான் ஏற்கனவே அகலமாக வெட்டியிருந்தேன், அதுதான் தப்பு.

"வெட்டாதீங்க. மண்ணப் போடுங்க" என்றேன்.

"இன்னாது?"

"மண்ணு போடுங்கன்னு சொல்றேன் இல்ல!"

போட்டார். அதைக் காலால் தள்ளித் தள்ளி இரண்டு பக்கமும் மிதித்தேன். மடை குறுகியது. என் இரண்டு குதிகால்களுக்கும் நடுவில் தண்ணீர் இறுகி, சத்தம் போட்டுக்கொண்டு பாய்ந்தது. கெண்டைக்காலில் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. குனிந்து பார்ப்பதற்குள் இன்னொன்று. பிறகு ஒரு மடவை என் முழங்காலுக்கு மேலே எழும்பிப் பாத்தியில் போய் விழுந்தது. நாத்தனார் கத்தினாள். அப்புறம் எண்ண முடியவில்லை. குட்டையின் நாலு மூலையிலிருந்தும் தண்ணீரில் கோடு போட்டுக்கொண்டு வந்தன. என் கால்களுக்கு நடுவில் புகுந்து, முட்டி, ஏறி, பாத்தி வெள்ளி வெள்ளியாகப் புரண்டது. வெடிப்பில் துடுப்பு கீறி எரிந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்று பிறகுதான் நாத்தனார் சொன்னாள்.

ஏறுவது நின்றதும் மடையையும் கால்வாய்ப் பக்கத்தையும் அடைத்து மிதித்தேன். கடல் தண்ணீர் வற்ற ஆரம்பித்ததும் குட்டையின் கீழ் மதகில் பை வலையைக் கட்டித் திறந்தோம். இறால் தண்ணீரோடு தானாக இறங்கி வந்தது. முழுசாக, மீசை உடையாமல், உயிரோடு. வியாபாரி கூடை கூடையாகக் கவிழ்த்துத் தேடினார். கடைசிக் கூடையில் கையை விட்டு விரல் நீள மடவை ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கி எனக்குக் காட்டினார்.

"அது உங்களுக்குத்தான் அண்ணே. வீட்டுக்கு எடுத்துக்கினு போய்க் கொழம்பு வெச்சுக்குங்க" என்றேன்.

கரையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஐஸ் பெட்டிகள் நிறைந்தன. அளத்துக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தி ஓரம் வந்து மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதெல்லாம் இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார். "பெருசுங்கள விப்போம். மத்தது திரும்பக் குட்டையில போயிடும், மழைக்கு நிக்கும்" என்றேன். "சரி, வெச்சுக்குங்க" என்றார். குட்டையைச் சொன்னாரா, மீனைச் சொன்னாரா என்று என் வீட்டுக்காரர் கேட்டே விட்டார். "ரெண்டையுந்தான்யா" என்றார் அளத்துக்காரர்.

விஷயம் தெரிந்து மேடம் அடுத்த வாரம் வந்தார். பாத்தியைப் பார்த்தார், தரையைத் தடவிப் பார்த்தார். "இத நான் எந்த வகுப்புலயும் படிக்கலையேக்கா" என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், வேண்டுமென்றே கரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டே நாளில் உப்பளம் ஏரியாகிவிட்டது. எங்கள் குட்டையின் தண்ணீரை நாக்கில் வைத்தேன், உப்பே இல்லை. அந்தத் தண்ணீரில் மடவைகள் துள்ளிக்கொண்டிருந்தன. வாரத்துக்கு இரண்டு நாள் வலை போட்டோம். கடலுக்கு யாரும் போகாத நாட்கள், சந்தையில் மீன் கிடையாது. கிளியனூர் பக்கத்திலிருந்தெல்லாம் பைக்கில் வந்து கரையிலேயே வாங்கிக்கொண்டு போனார்கள்.

மேஸ்திரி வழக்கம்போல வந்து தெரு முனையில் நின்றார். மழைக்கோட்டு, பைக், அதே கேள்வி. "எத்தனை பேர் வர்றீங்க?"

நான் ஈரப் புடவையோடு, தலையில் மீன் கூடையோடு வந்துகொண்டிருந்தேன். உள்ளே என் மகள் அரைப் பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் தெரு முனை வரைக்கும் கேட்டது.

"எங்க வீட்டுலேர்ந்து ஒருத்தரும் வரலீங்க" என்றேன். கூடையை இறக்கி அவர் முன்னால் வைத்தேன். "மடவை வேணும்னா பாருங்க."